வெளியூர் கிளம்பும் முன் போனுக்குச் செய்ய வேண்டிய வேலைகள்

காட்பாடி ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் சின்னதாக ஒரு மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அரையாண்டு லீவு விட்ட நாளிலிருந்து பொங்கல் முடியும் வரை கடைக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். ஒரு கூட்டம் ரயிலுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது ஓடிவந்து சார்ஜரோ பவர் பேங்கோ வாங்கிக்கொண்டு ஓடும். இன்னொரு கூட்டம் ஊரிலிருந்து திரும்பிய பிறகு வரும். போன் போயிருக்கும், இல்லையென்றால் போன் கையில் இருக்கும், பணம் போயிருக்கும். அவர்கள் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லும்போது எல்லாக் கதையிலும் ஓர் அவசரம் இருக்கிறது. பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, பிள்ளை அழுதது, இப்போதே பணம் கட்டாவிட்டால் ரூம் தீர்ந்துவிடும் என்றார்கள். வீட்டில் சாவகாசமாக இருந்திருந்தால் அதே ஆள் அந்த லிங்கைத் தொட்டிருக்க மாட்டார்.

பயணத்தில் அவசரம் வராமல் இருக்காது. அதனால் யோசித்துச் செய்ய வேண்டியதை எல்லாம் முந்தின நாள் சாயங்காலமே வீட்டில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள். ஒரு மணி நேரம் ஆகும். ஸ்மார்ட்போனும் ஜிபேயும் கைக்கு வந்து ஓரிரு வருடம்தான் ஆகிறது என்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். தெரிந்தவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டில் அம்மா அப்பா போனுக்கும் செய்து கொடுத்தால் சந்தோஷம்.

முதல் வேலை: சிம்முக்குப் பூட்டு

என் பெரியம்மா குடியாத்தத்துக்காரர். சில வருடங்களுக்கு முன் ஒரு பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போனார். பதினான்கு கிலோமீட்டர் சுற்றி முடித்து, வேலூர் பஸ்ஸில் ஏறும் நெரிசலில் துணிப்பையை யாரோ பிளேடால் கிழித்திருக்கிறார்கள். போன் போய்விட்டது. சரி, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். காலையில் வங்கிக்குப் போனால் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் போயிருந்தது. திரைப் பூட்டு போட்டிருந்தேனே, எப்படி எடுத்தார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

திருடியவனுக்குப் பெரியம்மாவின் போனைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. போனின் ஃபிளிப் கவருக்குள் ஏடிஎம் கார்டு இருந்தது. ஆதார் செராக்ஸும் நாலாக மடித்து அதிலேயே இருந்தது. சிம்மை வெளியே எடுத்து வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வரும். கார்டின் எண், காலாவதித் தேதி, பின்னால் இருக்கும் மூன்று இலக்கம், ஓடிபி வரும் சிம், அத்தனையும் ஒரே கவருக்குள் வைத்து நாமே கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஏடிஎம் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதித் தேதியும் சிம்மும் இருந்தால், ஜிபே, போன்பேயில் பணம் அனுப்பக் கேட்கும் யுபிஐ பின் நம்பரையே பல வங்கிகளில் புதிதாக மாற்றிவிடலாம் என்பது அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்தப் பணம் அவர் மூன்று வருடம் சீட்டு கட்டிச் சேர்த்தது. அதற்குப் பிறகு கடைக்கு எந்தப் போன் வந்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், சிம்முக்குப் பூட்டு போட்டீர்களா என்று கேட்டுவிடுகிறேன்.

செய்வது சுலபம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் போய், மேலே தேடும் இடத்தில் 'சிம் லாக்' என்று தேடுங்கள். ஐபோனில் மொபைல் டேட்டா பகுதிக்குள் 'சிம் பின்' என்று இருக்கும். அதை ஆன் செய்தால் பழைய பின் நம்பரைக் கேட்கும். இங்கேதான் கவனம் வேண்டும். சிம் கம்பெனி முதலில் வைத்த பின் நம்பர் என்ன என்று அவர்களுடைய கஸ்டமர் கேருக்குப் போன் செய்து கேட்டுவிட்டுப் போடுங்கள். குத்துமதிப்பாகப் போட்டுப் பார்க்காதீர்கள். மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம் பூட்டிக்கொண்டு பியூகே எண் கேட்கும். அதைக் கம்பெனிதான் தர முடியும். பியூகேயைப் பத்து முறை தப்பாகப் போட்டால் அந்த சிம் அவ்வளவுதான், புதிது வாங்க வேண்டும். அதனால்தான் ஊருக்குக் கிளம்பும் காலையில் இதைச் செய்ய வேண்டாம் என்கிறேன். முந்தின நாளே செய்து, பழைய நம்பரை மாற்றிச் சொந்தமாக ஒரு நான்கு இலக்கம் வைத்து, ஒரு முறை போனை அணைத்துப் போட்டுப் பாருங்கள். போனை அணைத்துப் போடும்போதும், சிம்மை வேறு போனில் போடும்போதும்தான் அந்த நம்பரைக் கேட்கும். தினசரி தொந்தரவு எதுவும் கிடையாது.

அப்புறம் கவரைக் காலி செய்யுங்கள். ஏடிஎம் கார்டு, ஆதார், பான், பின் நம்பர் எழுதிய சீட்டு எதுவும் போனோடு இருக்கக் கூடாது. கார்டு பர்ஸில், போன் சட்டைப் பையில், என்று பிரித்து வையுங்கள்.

திரை பூட்டியிருக்கும்போதும் மேலே வந்து நிற்கும் மெசேஜில் ஓடிபி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நோட்டிபிகேஷன் செட்டிங்ஸில் பூட்டுத் திரையில் உள்ளடக்கத்தை மறைக்கச் சொல்லி ஒரு தேர்வு இருக்கும், அதை ஆன் செய்யுங்கள்.

ஜிமெயில் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது?

இதைக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். போன் வாங்கிய அன்று கடைப் பையனே ஒரு ஐடி போட்டு, அவனே ஒரு பாஸ்வேர்டு வைத்துக் கொடுத்திருப்பான். தொலைந்த போனைத் தூரத்திலிருந்து தேடவும், பூட்டவும், உள்ளே இருப்பதை அழிக்கவும் கூகுள் வசதி தருகிறது. ஆனால் அதற்கு அந்த ஐடியும் பாஸ்வேர்டும் வேண்டும். ஆகவே இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றி, உங்களுக்கு மட்டும் தெரிந்ததாக வையுங்கள். வீட்டில் இன்னொருவர் போனிலிருந்து உங்கள் போனை ஒரு முறை தேடிப் பாருங்கள், வரைபடத்தில் உங்கள் தெரு தெரிய வேண்டும். புதுப் போன் என்றால் செட்டிங்ஸில் 'திருட்டுப் பாதுகாப்பு' என்று தேடுங்கள். யாராவது பிடுங்கிக்கொண்டு ஓடினால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி அதில் இருக்கிறது.

அடுத்து ஒரு வெள்ளைத்தாள். அதில் எழுத வேண்டியவை: உங்கள் போனின் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண், *#06# என்று அழுத்தினால் திரையில் வரும்), ஏடிஎம் கார்டின் பின்னால் அச்சடித்திருக்கும் வங்கியின் உதவி போன் எண், வீட்டில் இரண்டு பேருடைய நம்பர், சைபர் மோசடிக்கான 1930, ரயில்வே உதவிக்கு 139. ஒரு தாள் பர்ஸில், ஒரு தாள் வீட்டில். போன் போனவுடன் மனைவியின் நம்பர் கூட ஞாபகத்துக்கு வராமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். போனிலேயே எழுதி வைத்திருந்தால் போனோடு அதுவும் போகும்.

பணத்தைப் பிரித்து வையுங்கள்

சம்பளமும் சேமிப்பும் இருக்கும் கணக்கை ஜிபேயிலோ போன்பேயிலோ வைத்துக்கொண்டு ஊர் சுற்ற வேண்டாம். இரண்டாவது கணக்கு ஒன்று இருந்தால் அதில் பயணச் செலவுக்கு வேண்டியதை மட்டும் போட்டு, அதை மட்டும் யுபிஐயில் இணைத்துக்கொள்ளுங்கள். பெரிய கணக்கின் கார்டுக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பிலேயே அணைத்து வைக்கலாம், ஆன்லைன் வரம்பையும் குறைக்கலாம். கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும், அதுவும் இரண்டு பையில்.

புக்கிங்கில்தான் அதிகம் ஏமாறுகிறோம்

நம் பக்கத்து ஆட்கள் லீவில் எங்கே போவார்கள் என்று பார்த்தால் திருப்பதி, ஊட்டி, ஏலகிரி. மோசடிக்காரர்களுக்கும் அது தெரியும்.

காட்பாடியில் ரயில் ஏறினால் சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி, ஒரே நாளில் போய் வரலாம். ஆனால் தரிசன டிக்கெட்டும் தங்கும் அறையும் கிடைக்காமல் கூகுளில் தேடும்போது போலித் தளங்கள் வருகின்றன. தேவஸ்தானத்தின் தளம் 'டிடிதேவஸ்தானம்ஸ் டாட் ஏபி டாட் கவ் டாட் இன்' என்பது மட்டுமே. முகவரியை எப்படிப் படிப்பது என்று பழகிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் 'https://' இருந்தால் அதை விட்டுவிட்டு, அதற்குப் பின் முதல் சாய்கோடு எங்கே வருகிறது என்று பார்த்து, அதற்கு முன்னால் இருப்பதைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். அரசுத் தளம் என்றால் பெரும்பாலும் 'கவ் டாட் இன்' என்று முடியும். 'கவ்-இன் டாட் காம்', 'தேவஸ்தானம் டாட் ஆன்லைன்' என்று முடிந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். கோபுரப் படமும் பெருமாள் படமும் யார் வேண்டுமானாலும் போடலாம்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு வண்டியில் போகிறவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. 2024-இல் அதற்கு அறிவித்த தளம் 'இபாஸ் டாட் டிஎன்இஜிஏ டாட் ஆர்க்'. அரசுத் தளமாக இருந்தும் 'ஆர்க்' என்று முடிந்த ஒன்று அது, அதனால் குழம்ப வேண்டாம். இ-பாஸ் எடுத்துத் தருகிறேன், ஐந்நூறு ரூபாய் அனுப்புங்கள் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

லாட்ஜ், காட்டேஜ், ஹோம்ஸ்டே விஷயத்தில் என் பழக்கத்தைச் சொல்கிறேன். விளம்பரத்தில் இருக்கும் நம்பருக்குப் பேச மாட்டேன். கூகுள் மேப்பில் அந்த இடத்தைத் தேடி, மக்கள் போட்ட படங்களையும் பழைய கருத்துகளையும் பார்ப்பேன். மேப்பில் உள்ள நம்பரையும் முழுதாக நம்ப முடியாது, அதையும் மாற்றிவிடுகிறார்கள். அதனால் பக்கத்தில் இருக்கும் ஓட்டலுக்கோ கடைக்கோ பேசி, அப்படி ஒரு லாட்ஜ் இருக்கிறதா என்று கேட்டுவிடுவேன். இரண்டு நிமிட வேலை, யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அட்வான்ஸ் அனுப்பும்போது யுபிஐயில் வரும் பெயர் லாட்ஜ் பெயரா, யாரோ தனி ஆளின் பெயரா என்று பாருங்கள். முழுத்தொகையும் இப்போதே கட்டினால் பாதி விலை என்றால் அந்த ரூம் வேண்டாம்.

டிக்கெட் ரத்து செய்த பணம் திரும்ப வரவில்லை என்று கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடுவது இன்னொரு பெரிய பள்ளம். அங்கே மோசடிக்காரர்கள் தங்கள் நம்பரையே போட்டு வைத்திருப்பார்கள். நல்ல மரியாதையாகப் பேசி, பணத்தைத் திருப்புவதற்கு என்று எனிடெஸ்க் மாதிரி ஒரு ஆப்பைப் போடச் சொல்வார்கள். போட்டால் உங்கள் திரை முழுக்க அவர்களுக்குத் தெரியும். ஐஆர்சிடிசியில் ரத்து செய்த பணம், நீங்கள் எந்தக் கணக்கிலிருந்து கட்டினீர்களோ அதற்கே தானாக வரும். அதற்கு ஓடிபியும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பணம் வாங்குவதற்கு எப்போதுமே யுபிஐ பின் போட வேண்டியதில்லை, கியூஆர் ஸ்கேன் செய்ய வேண்டியதும் இல்லை. சந்தேகம் இருந்தால் 139. கோபத்தில் டிக்கெட்டின் பிஎன்ஆரையும் உங்கள் போன் நம்பரையும் எக்ஸ் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டால், முதலில் கூப்பிடுவது ரயில்வேயாக இருக்காது.

வழியில்

சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா டோலைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் 'உங்கள் ஃபாஸ்டேக் முடக்கப்படுகிறது, இந்த லிங்கில் கேஒய்சி கொடுங்கள்' என்று மெசேஜ் வரும். தற்செயலாக வந்ததாக இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் நம்பத் தோன்றும். ஃபாஸ்டேக் சந்தேகத்துக்கு நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033-க்குப் பேசுங்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் வந்திருக்கும் வருடாந்திர பாஸையும் ராஜ்மார்க்யாத்ரா ஆப்பிலோ ஆணையத்தின் தளத்திலோ மட்டும் எடுங்கள்.

வாட்ஸ்அப்பில் 'டிராஃபிக் அபராதம்' என்று ஒரு ஃபைல் வரும். கல்யாணப் பத்திரிகை என்றும் வரும். பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தால் அது பத்திரிகை அல்ல, போனுக்குள் நுழையும் ஆப். அதைப் போட்டால் உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ் எல்லாம் அவர்கள் கைக்குப் போகும். தெரிந்தவர் அனுப்பியிருந்தாலும் தொடாதீர்கள், அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கலாம். அபராதம் உண்மையா என்று மத்திய போக்குவரத்துத் துறையின் பரிவாஹன் தளத்தில் வண்டி எண் போட்டுப் பார்க்கலாம்.

கடையில் கியூஆர் ஸ்கேன் செய்தால் வரும் பெயரைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள். அவர் ஸ்டிக்கர் மேல் வேறு யாரோ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அவருக்கும் உதவியாக இருக்கும்.

பொது இடத்தில் சார்ஜ் போட்டால் போனில் இருப்பதைத் திருடிவிடுவார்கள் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். ரிசர்வ் வங்கியும் எச்சரித்திருக்கிறது. ஆனால் இப்போதைய போன்கள் கேட்காமல் எதையும் கொடுக்காது. உங்கள் சொந்த சார்ஜரைக் கரண்ட் பிளக்கில் போட்டால் பயமே வேண்டாம். யாரோ வைத்திருக்கும் யுஎஸ்பி வயரில் போட நேர்ந்தால், திரையில் அனுமதி கேட்டு எது வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சார்ஜ் போட்ட போனை விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதுதான் நிஜமான ஆபத்து. இலவச வைஃபையில் பாட்டு கேளுங்கள், வீடியோ பாருங்கள். பணம் அனுப்பும்போது மட்டும் உங்கள் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

லாட்ஜில் ஆதார் கேட்டால்

வேலூரில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குவார்கள். அவர்களும் அருகில் இருக்கும் செராக்ஸ் கடை நம்பருக்கு ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பி பிரிண்ட் எடுப்பதைத் தினமும் பார்க்கிறேன். அந்தப் படம் அங்கேயே இருந்துவிடுகிறது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கி, நான்கு பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது குறுக்கே 'தங்குவதற்கு மட்டும்' என்று தேதியோடு எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆக வேண்டும் என்றால், பிரிண்ட் வந்ததும் கடைக்காரர் எதிரிலேயே 'எல்லோருக்கும் நீக்கு' கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் ஆப்பில் கைரேகையையும் பூட்டி வைக்கலாம். ஆதார் எண்ணையும் கைரேகை நகலையும் வைத்துப் பணம் எடுத்தவர்கள் உண்டு, பூட்டிவிட்டால் அது நடக்காது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லிவிட்டுப் போங்கள்

நீங்கள் ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் இல்லாமல் ஏறிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் தனியாக இருக்கும் அப்பாவுக்குப் போன் வரும். உங்கள் மகனுக்கு விபத்து, ஆபரேஷனுக்கு உடனே பணம் அனுப்புங்கள் என்பார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவை வைத்து உங்கள் குரலிலேயே பேச வைக்கவும் முடியும். அதனால் கிளம்பும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒரு சொல்லைப் பேசி வையுங்கள். உங்கள் வீட்டாருக்கு மட்டும் தெரிந்த சொல்லாக இருக்கட்டும், தாத்தா வீட்டு மாட்டின் பெயர் கூடப் போதும். பணம் என்று யார் கேட்டாலும் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும், போனை வைத்துவிட்டு நம் நம்பருக்குத் திரும்பக் கூப்பிட வேண்டும். கிடைக்காவிட்டால் கூட வந்திருக்கும் இன்னொருவருக்கு. போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டினால் அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது என்பதையும் சொல்லி வையுங்கள். பெரியவர்களிடம் இதைப் பயமுறுத்துகிற மாதிரி சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுங்கள். நீங்கள் ஊரில் இல்லை என்பது வெளியே தெரியாமல் இருக்க, போட்டோக்களைத் திரும்பி வந்த பிறகு ஸ்டேட்டஸில் போட்டுக்கொள்ளலாம்.

நடந்துவிட்டால்

பணம் போனது தெரிந்த நிமிடமே 1930. வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் மறைக்காதீர்கள், மகன் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், வெளியே எடுப்பதற்குள் பிடித்தால் நிறுத்தி வைக்க முடியும். பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு வங்கிக்குச் சொல்லி கார்டையும் யுபிஐயையும் நிறுத்தி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்திலும் புகாரைப் பதியலாம். வெளியூரில் இருக்கிறோமே என்று தயங்க வேண்டாம், புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். ரயிலில் போன் போனால் 139-க்குச் சொல்லி, இறங்கும் இடத்தில் ரயில்வே போலீஸில் எழுதிக் கொடுங்கள்.

வங்கிக்குச் சீக்கிரம் சொல்வதில் இன்னொரு பயனும் உண்டு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் செய்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் அந்த இழப்பு உங்கள் தலையில் விழாது. நீங்களே ஓடிபியைச் சொல்லியிருந்தால், தெரிவிக்கும் வரை போனது உங்கள் இழப்பு. தெரிவித்த பிறகு போவதற்கு வங்கிதான் பொறுப்பு.

போன் மட்டும் தொலைந்திருந்தால் முதலில் சிம்மை நிறுத்துங்கள், பிறகு காவல் நிலையப் புகார் நகலை வைத்து மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்துப் போனையே முடக்குங்கள். எந்த சிம் போட்டாலும் நாட்டில் எந்த நெட்வொர்க்கிலும் அது வேலை செய்யாது. அதே எண்ணில் புது சிம் வாங்கினால் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, ஓடிபியும் வராது. பாதுகாப்புக்காக வைத்திருக்கும் விதி அது. அந்த ஒரு நாளைக்குத்தான் பையில் ரொக்கம் வைக்கச் சொன்னேன்.

ஊர் திரும்பியதும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தில் உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் வெளியேற்றுங்கள். பயணத்துக்காகப் போட்ட ஆப்களை எடுத்துவிடுங்கள். வங்கிக் கணக்கில் சின்னத் தொகை ஏதாவது காரணம் தெரியாமல் போயிருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். சஞ்சார் சாத்தியில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தால் 'இது என்னுடையது இல்லை' என்று அங்கேயே தெரிவித்துவிடலாம்.